கால் எலும்பில் புதிய கீழ்த்தாடை: அறுவைக்கு முன்பிருந்து பல் கட்டும் வரை

கன்னத்திலோ ஈறிலோ வந்த புற்றுநோய் கீழ்த்தாடை எலும்புக்குள் இறங்கிவிட்டால் அந்தப் பகுதி எலும்பை முழுத்துண்டாக வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டி உடம்பின் மற்ற இடங்களுக்குப் பெரும்பாலும் பரவாது, ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே போகும். அதற்கும் இதே அறுவைதான். எடுத்த இடத்தை வெறுமனே விட்டால் மிச்சமுள்ள தாடை வெட்டிய பக்கமாகச் சாயும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாது. முகவாய்ப் பகுதி எலும்பே போய்விட்டால் நாக்கைப் பிடித்து நிறுத்த ஆதாரம் இல்லாமல் அது பின்னால் சரியும். மூச்சு, விழுங்கல், பேச்சு மூன்றும் கெடும், எச்சில் ஓயாமல் வழியும். அதனால்தான் முன்பக்க எலும்பை எடுத்தவருக்கு எலும்பாலேயே ஈடுசெய்ய வேண்டும் என்பதில் இத்துறையில் கருத்து வேறுபாடு கிடையாது.

இன்று இதற்கு அதிகம் பயன்படுவது காலின் ஃபிபுலா எலும்பு. முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில் வெளிப்பக்கமாக ஒல்லியாக இருப்பது அது. உடல் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது உள்ளெலும்பு என்பதால், ஃபிபுலாவின் நடுப்பகுதியை எடுத்தாலும் நடக்க முடியும். ரத்தக்குழாயோடு சேர்த்து இந்த எலும்பை எடுத்து வேறு இடத்தில் பொருத்தும் முறையை ஆஸ்திரேலியாவின் இயான் டெய்லர் குழு 1975-இல் வெளியிட்டது. அதைக் கீழ்த்தாடைக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கின் டேவிட் ஹிடால்கோ, 1989-இல்.

இந்த வழிகாட்டி நோயாளிக்கும் கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கும் எழுதியது. உங்கள் டாக்டர் சொல்வது இங்குள்ளதிலிருந்து மாறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள், காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாருக்கும் கால் எலும்பு வேண்டுமா?

வேண்டாம். நோய் எலும்பின் மேல்விளிம்பை மட்டும் தொட்டிருந்தால், கீழ்விளிம்பில் குறைந்தது 1 சென்டிமீட்டர் உயர எலும்பை விட்டு மேல்பாகத்தை மட்டும் சீவி எடுப்பார்கள். தாடையின் தொடர்ச்சி அறுபடாததால் எலும்பு மாற்று தேவைப்படாது.

முழுத்துண்டாக எடுத்து, இடைவெளி 5 சென்டிமீட்டருக்குள் இருந்து, ரேடியேஷன் முன்பும் கொடுக்காமல் இனிமேலும் கொடுக்கத் தேவையில்லாமல் இருந்தால் இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டை ரத்தக்குழாய் இல்லாமலேயே வைக்கலாம். சிறிய அமெலோபிளாஸ்டோமாவுக்கு இது பொருந்தும். ரேடியேஷன் பட்ட இடத்தில் இப்படி வைத்த எலும்பு பெரும்பாலும் கரைந்தோ சீழ்பிடித்தோ போய்விடும்.

மூன்றாவது வழி, டைட்டானியம் பிளேட்டை மட்டும் பாலம்போல் வைத்து, மார்புத்தசையைத் திருப்பி மூடுவது. வயது மிக அதிகம், இதயம் பலவீனம், கால் ரத்தக்குழாய் அடைப்பு என்று நீண்ட அறுவையைத் தாங்க முடியாதவருக்கு, அதுவும் பக்கவாட்டு எலும்பு போனவருக்கு, இது நியாயமான முடிவு. ஆனால் எலும்பில்லாத பிளேட் சுமையை நெடுங்காலம் தாங்காது. ரேடியேஷனுக்குப் பிறகு தோலையோ வாயின் உட்புறத்தையோ கிழித்துக்கொண்டு அது வெளியே வருவது அடிக்கடி நடக்கிறது. முகவாயில் அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கால் எலும்பையும் சேர்த்து இந்த நான்கில் எது என்று முடிவாகும் முன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: "கடைசியில் பல் கட்ட முடியுமா?" எலும்பை எந்த உயரத்தில் வைப்பது, ஸ்க்ரூக்கள் எங்கே வருவது எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தவை. பல் டாக்டரை அறுவைக்கு ஆறு மாதம் கழித்துத் தேடிப்போனால் திருத்த முடியாத இடத்தில் எலும்பு ஒட்டியிருக்கும். திட்டம் போடும் நாளிலேயே அவரும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அறுவைக்கு முந்தைய வாரங்கள்

*ஸ்கேன்.* முகத்துக்கு 1 மில்லிமீட்டருக்கு மேற்படாத துண்டு அளவில் சி.டி. எடுப்பார்கள். கால்களின் ரத்தக்குழாயை நாடி பிடித்தும் டாப்ளரிலும் (ஒலியலையால் ரத்த ஓட்டத்தை அறியும் கருவி) பார்ப்பார்கள், பல இடங்களில் மருந்து செலுத்தி சி.டி. ஆஞ்சியோவும் எடுப்பார்கள். காரணம் இது: பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாய்களில் ஒன்று ஃபிபுலாவோடு சேர்ந்து எடுக்கப்படுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே மற்ற இரண்டும் மெலிந்து, இந்த ஒன்றே பாதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அந்தக் காலில் கைவைத்தால் பாதமே போகும். சர்க்கரை நோய், பல வருடப் பீடி, நடந்தால் ஆடுசதை இழுத்துப் பிடிப்பது, காலில் பழைய முறிவு, வெரிகோஸ் வெயின் இவற்றில் எது இருந்தாலும் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.

*மாதிரியும் வெட்டு அச்சும்.* சி.டி. படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்து, எங்கே வெட்டுவது, கால் எலும்பை எந்தக் கோணத்தில் மடக்குவது என்று முன்கூட்டியே வரைந்து, 3டி பிரிண்டரில் அச்சுகள் செய்யும் முறை இப்போது பரவலாகிவிட்டது. வசதி குறைந்த இடங்களில் தாடை மாதிரியை மட்டும் அச்சிட்டு அதன்மேல் பிளேட்டை முன்பே வளைத்து வைத்துக்கொள்கிறார்கள். இதுவே தியேட்டரில் நல்ல நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரு எச்சரிக்கை: புற்றுநோய் வளர்ந்துகொண்டே இருக்கும். சி.டி. எடுத்து மூன்று நான்கு வாரம் தாண்டிவிட்டால் பழைய வெட்டுக்கோடு நோயின் விளிம்புக்குப் போதாமல் போகலாம். அறுவை தள்ளிப்போனால் "ஸ்கேன் திரும்ப எடுக்க வேண்டுமா" என்று கேளுங்கள்.

*புகையிலை.* பீடி, சிகரெட், குட்கா, வாயில் ஒதுக்கும் புகையிலை அனைத்தையும் நோய் தெரிந்த அன்றே நிறுத்த வேண்டும். மூன்று நான்கு வாரம் கிடைத்தால் நல்லது, ஆனால் அதற்காகப் புற்றுநோய் அறுவையைத் தள்ளக்கூடாது. நிகோடின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கும், புண்ணையும் எலும்பையும் ஒட்டவிடாது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் வாய்ப்புற்றை உண்டாக்கும், வாய் திறப்பையும் குறைக்கும். அதையும் சேர்த்தே விட வேண்டும்.

*சத்து.* வாய் வலியால் சாப்பிடாமல் எடை இறங்கியவர்களுக்குத் தையல் பிரிவதும் எச்சில் கசிவதும் அதிகம். மென்று தின்ன முடியாவிட்டால் அறுவைக்கு முன்பே மூக்குக்குழாய் போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம். அறுவையைச் சுற்றியுள்ள நாட்களில் ரத்தச் சர்க்கரை 180-க்குக் கீழே இருப்பது இலக்கு.

*பல்.* ரேடியேஷன் வர வாய்ப்பிருந்தால், காப்பாற்ற முடியாத பற்களை அறுவையின்போதே பிடுங்கிவிடச் சொல்லுங்கள். பிடுங்கிய குழி ஆறுவதற்கு ரேடியேஷனுக்கு முன் குறைந்தது 2 வாரம், முடிந்தால் 3 வாரம் வேண்டும்.

*ஊசி குத்தும் இடம்.* எந்தக் கால் என்று முடிவானதும் அந்தக் காலில் ஊசியோ டிரிப்போ போடக்கூடாது. மாற்றுத் திட்டமாக முன்கைத் தோலைக் குறித்து வைத்திருந்தால் அந்தக் கையிலும் கூடாது. கையில் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் எழுதிவைப்பது எளிய வழி.

*பணம்.* முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ தனியார் காப்பீட்டிலோ போகிறவர்கள், கட்டியை எடுப்பது, ஃப்ளாப் (ரத்தக்குழாயோடு எடுத்த கால் எலும்பும் தோலும்) வைப்பது, டைட்டானியம் பிளேட், வெட்டு அச்சு, பல் இம்பிளான்ட் (எலும்புக்குள் திருகும் செயற்கைப் பல்வேர்) என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டு, எது அனுமதியில் வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். பல் இம்பிளான்ட் வெளியே நிற்கும் என்று எண்ணியே தயாராக இருங்கள்.

தியேட்டருக்குள் நடப்பது

8 முதல் 12 மணி நேரம் ஆகும். வெளியே காத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

முதலில் கழுத்தில் மூச்சுக்கு ட்ரக்கியாஸ்டமி துளை. பிறகு ஒரு குழு கழுத்து நெறிக்கட்டிகளை எடுத்து, கட்டியைச் சுற்றி நல்ல திசு விளிம்போடு தாடையை வெட்டும். எலும்பில் குறைந்தது 1 சென்டிமீட்டர் நல்ல பகுதியும் சேர்ந்து வரும். ஃப்ளாப்பை இணைக்கத் தேவைப்படும் தமனியையும் சிரைகளையும் கழுத்தில் பத்திரமாகக் காத்து வைப்பார்கள். இன்னொரு குழு தொடையில் ரத்தம் தடுக்கும் பட்டை கட்டி, ஃபிபுலாவை அதன் ரத்தக்குழாயோடும் மேலே ஒரு துண்டுத் தோலோடும் எடுக்கும். கணுக்கால் குலையாதிருக்கக் கீழே 6 முதல் 8 சென்டிமீட்டரும், பாதத்தைத் தூக்கும் நரம்பு முழங்காலுக்கு அருகே சுற்றிப் போவதால் மேலே சுமார் 6 சென்டிமீட்டரும் விட்டுவிடுவார்கள். பெரியவர்களுக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் எலும்பு கிடைக்கும். தாடையின் இரு கோணங்களுக்கும் இடையே முழுவதும் போனாலும் அது போதும்.

நேரான எலும்பைத் தாடை வளைவாக்க, சட்டத்தை மடக்கத் தச்சர் உட்புறம் ஆப்பு வடிவில் அறுப்பதுபோல அறுத்து மடக்குவார்கள். ஒவ்வொரு துண்டும் 2 முதல் 2.5 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, குறைந்தால் அந்தத் துண்டுக்கு ரத்தம் போதாமல் செத்துவிடும். பிறகு டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும், மிச்சத் தாடையில் பக்கத்துக்குக் குறைந்தது 3. மேல் கீழ்ப் பற்கள் சரியாகக் கடிக்கும் நிலையைப் பிடித்து வைத்துக்கொண்டே முடுக்க வேண்டும். இங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கடி கோணலாகும்.

2, 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரத்தக்குழாய்களை மைக்ரோஸ்கோப்பின் கீழ், முடியைவிட மெல்லிய நைலான் நூலால் கழுத்துக் குழாய்களோடு தைப்பது கடைசிக் கட்டம். ஒரு தமனி, ஒன்று அல்லது இரண்டு சிரை. கால் தோல் வாயின் உட்புற மூடியாகிறது. எச்சில் கழுத்துக்குள் இறங்காதபடி அதன் விளிம்பைச் சுற்றிலும் நீர் புகாமல் தைப்பது, ரத்தக்குழாய்த் தையலுக்குச் சமமான வேலை.

முதல் மூன்று நாள்

வைத்த எலும்பும் தோலும் அந்த ஒற்றைத் தமனியையும் ஓரிரு சிரைகளையும் நம்பியே உயிரோடு இருக்கின்றன. அனுபவமுள்ள மையங்களில் நூற்றுக்குச் சுமார் 95 ஃப்ளாப்கள் நிலைக்கின்றன. கெடுபவை பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள் கெடும். ஆனால் சீக்கிரம் கண்டுபிடித்தால் மீண்டும் தியேட்டருக்குக் கொண்டுபோய் அடைப்பை எடுத்துக் காப்பாற்றலாம். சில மணி நேரம் தவறினாலே அந்த வாய்ப்பு சரசரவென்று குறையும். ஆகவே முதல் நாள் மணிக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மணிக்கு, பிறகு நான்கு மணிக்கு ஒருமுறை என்று வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். இரவு 2 மணிக்கும் எழுப்புவார்கள். தூக்கம் கெடுகிறது என்று தடுக்காதீர்கள்.

நல்ல ஃப்ளாப் காலில் இருந்த அதே நிறத்தில், தொட்டால் இளஞ்சூடாக, மெத்தென்று இருக்கும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2, 3 விநாடியில் பழைய நிறத்துக்குத் திரும்பும். கெடுவது இரண்டு விதம்:

- சிரை அடைத்தால் ரத்தம் உள்ளே வந்து வெளியேற முடியாமல் தேங்கும். தோல் நீலம் பாய்ந்து கறுக்கும், வீங்கி இறுகும், அழுத்தி விட்டால் மின்னல் வேகத்தில் நிறம் திரும்பும். ஊசியால் குத்தினால் கறுத்த ரத்தம் உடனே வழியும். அதிகம் நடப்பது இதுதான்.
- தமனி அடைத்தால் தோல் வெளிறிக் குளிர்ந்து சுருங்கும். நிறம் திரும்பாது. குத்தினாலும் ரத்தம் வராது.

குத்திப் பார்ப்பது டாக்டரின் வேலை. உடனிருப்பவர் நிறத்தைக் கவனிக்கலாம், எப்போதும் ஒரே வெள்ளை டார்ச் வெளிச்சத்தில். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் நீலம் தெரியாது. வார்டில் அனுமதித்தால் ஒரே தூரத்தில் போன் படம் எடுத்து வையுங்கள், முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் மெல்லிய மாற்றமும் தெரியும். சந்தேகம் வந்தால் "ஃப்ளாப் கலர் மாறியிருக்கு" என்று டூட்டி டாக்டரிடம் அந்த நிமிடமே சொல்லுங்கள். காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம்.

சிரை அடைவதற்கு வெளிக்காரணங்களும் உண்டு. ட்ரக்கியாஸ்டமி நாடாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது, ஆக்ஸிஜன் மாஸ்க்கின் ரப்பர் அழுத்துவது, தலை ஒருபக்கம் திரும்பி மடிவது, கழுத்துக்குள் ரத்தம் கட்டுவது. பல மையங்களில் நாடாவே கட்டாமல் குழாயைத் தோலோடு தைத்துவிடுகிறார்கள். தலை நேராக, படுக்கையின் தலைமாடு 30 டிகிரி உயரத்தில் இருக்கட்டும். அறை குளிரக்கூடாது, போர்வை விலகினால் போர்த்துங்கள். ஃப்ளாப் மேல் ஐஸும் வேண்டாம், வெந்நீர்ப் பையும் வேண்டாம். அங்கே உணர்ச்சி கிடையாது, சுட்டாலும் நோயாளிக்குத் தெரியாது. பார்க்க வருபவர் உடம்பில் பீடிப் புகை வாடைகூட இருக்கக்கூடாது.

கழுத்திலிருந்து தேங்கும் ரத்தநீரை வெளியேற்றும் டிரெய்ன் குழாயின் டப்பாவில் 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் எடுத்துவிடுவார்கள். திடீரென்று நல்ல ரத்தமாக நிறைந்தாலோ, பால்போல் வெள்ளையாக வந்தாலோ உடனே சொல்ல வேண்டும்.

மூச்சுக்குழாயும் மூக்குக்குழாயும்

ட்ரக்கியாஸ்டமி பெரும்பாலும் 5 முதல் 10 நாளில் வெளியே வந்துவிடும். அதுவரை பேச முடியாது என்பதை நோயாளிக்கு முன்பே விளக்கி, எழுத ஒரு பலகையோ போனோ கையில் கொடுத்துவிடுங்கள். குழாய் எடுத்தபின் துளை தானே மூடும். அதுவரை இருமும்போதும் பேசும்போதும் பஞ்சின்மேல் விரலால் அழுத்திப் பிடித்தால் சீக்கிரம் மூடும்.

வாய்வழி உணவு, ரேடியேஷன் முன்பு வாங்காதவருக்குப் பொதுவாக 7 முதல் 10 நாள் கழித்து. வாங்கியவருக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும், ஏனென்றால் அந்தத் திசு மெதுவாகவே ஒட்டும். அதுவரை எல்லாம் மூக்குக்குழாயில்.

எடைக்குக் கிலோவுக்கு 30 கலோரி, 1.5 கிராம் புரதம் என்று கணக்கு வையுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 1,800 கலோரி, 90 கிராம் புரதம். வெறும் கஞ்சித்தண்ணியும் இளநீரும் இதன் பக்கத்தில்கூட வராது. வீட்டில் செய்யக்கூடிய ஒரு நாள் அளவு: பால் 1 லிட்டர், நன்றாக வேகவைத்த முட்டை 3, பாசிப்பருப்பு 75 கிராம், கேழ்வரகு மாவு 75 கிராம், எண்ணெய் 4 டீஸ்பூன், சர்க்கரை 50 கிராம். இதில் சுமார் 1,700 கலோரியும் 70 கிராம் புரதமும் கிடைக்கும். மீதிப் புரதத்துக்கு டயட்டீஷியன் சொல்லும் பவுடர். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையை விட்டு, எண்ணெயையும் மாவையும் அவர் சொல்கிற அளவுக்குக் கூட்டலாம். முட்டை சாப்பிடாதவருக்குப் பருப்பும் பவுடரும் கூடும். பச்சை முட்டை கூடவே கூடாது.

எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்து, மெல்லிய வடிகட்டியில் இரண்டு முறை வடிக்க வேண்டும். கேழ்வரகுக் கஞ்சி ஆற ஆற இறுகும், வடிக்கும்போது தண்ணீராக இருந்தது குழாய்க்குள் கட்டியாகும். இளஞ்சூட்டில், மோர்ப் பதத்தில் கொடுங்கள்.

கொடுக்கும் முறை: கை கழுவி, மூக்கருகே குழாயின் குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நோயாளியை 45 டிகிரி நிமிர்த்தி உட்கார வையுங்கள். 30 மில்லி தண்ணீர் விட்டு, பிறகு 200 முதல் 250 மில்லி உணவை 50 மில்லி சிரிஞ்சு வழியே தானாக இறங்கவிடுங்கள், 15, 20 நிமிடம் ஆகும். சிரிஞ்சின் பிஸ்டனால் அழுத்தாதீர்கள். முடிவில் மறுபடி 30 மில்லி தண்ணீர். அதன்பின் ஒரு மணி நேரம் படுக்கக்கூடாது. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. நடுவில் இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மாத்திரையை நன்றாகப் பொடித்துத் தனியாகக் கரைத்துக் கொடுக்க வேண்டும், பொடிக்கக்கூடாத மாத்திரைகளும் உண்டு என்பதால் மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழாய் வெளியே வந்துவிட்டால் வீட்டிலோ பக்கத்து கிளினிக்கிலோ திரும்பப் போட முயலாதீர்கள். உள்ளே புதுத் தையல் இருக்கிறது, அறுவை செய்த இடத்துக்கே போங்கள்.

வாய்க்குள் தேங்கும் எச்சிலும் சளியும் தையலை அழுகச் செய்யும். நர்ஸ் காட்டித்தரும் முறையில் உப்புநீரால் நாளைக்கு நான்கைந்து முறை கழுவி உறிஞ்சி எடுக்க வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை கழுத்துத் தையலோரம் சிவந்து, நாற்றத்தோடு நீர் கசிந்தால் எச்சில் கசிவாக இருக்கலாம். பெரும்பாலானவை வாய்வழி உணவை நிறுத்தி, கட்டுப்போட்டாலே மூடும். கவனிக்காமல் விட்டால் அந்த எச்சில் ரத்தக்குழாய்த் தையலையே அரிக்கும்.

எலும்பு கொடுத்த கால்

முகத்தையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, காலை யாரும் கவனிப்பதில்லை. முதல் இரண்டு நாள் கால் விரல்களின் நிறத்தையும் சூட்டையும் பாருங்கள், பாதத்தையும் பெருவிரலையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டால் முழங்கால் பக்க நரம்பு அழுந்தியிருக்கலாம், கட்டைத் தளர்த்தினாலே சரியாவதும் உண்டு. மருந்துக்கு அடங்காத வலி, கல்போல் இறுகும் ஆடுசதை, விரலை அசைத்தால் உயிர்போகும் வேதனை இவை சேர்ந்தால் தசைக்குள் அழுத்தம் ஏறுகிறது. உடனே திறந்துவிட வேண்டிய அவசர நிலை அது.

எடுத்த தோல் 4, 5 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் இழுத்து மூட முடியாது, தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவி ஒட்டுவார்கள். காலின் ஒட்டுத்தோல் 5 முதல் 7 நாளில் திறக்கப்படும். தொடைக் கட்டை 10 முதல் 14 நாள் அப்படியே விடுங்கள், ஆறியதும் தானாக உரியும். இழுத்துப் பிய்த்தால் புதுத்தோலும் கூடவே வரும்.

நான்கைந்து நாளில் வாக்கரோடு நடக்க வைப்பார்கள். பெருவிரலை மடக்கும் தசை இந்த எலும்பிலிருந்தே கிளம்புவதால், பின்னால் அது கீழ்நோக்கி வளைந்து இறுகும். தினம் மூன்று நான்கு வேளை, வேளைக்குப் பத்து முறை பெருவிரலைக் கையால் மேலே இழுத்துப் பிடித்து விடுங்கள். கணுக்காலையும் மேலும் கீழும் ஆட்டுங்கள். குந்தி உட்காருவதும் சம்மணமும் சில மாதங்களுக்குச் சிரமம். வீட்டில் இந்திய முறைக் கழிப்பறை மட்டும் இருந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே கமோடு நாற்காலி வாங்கி வையுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

நோய் இருந்த பக்கக் கீழுதடும் முகவாயும் மரத்தே இருக்கும், எலும்புக்குள் ஓடிய நரம்பு எலும்போடு போய்விட்டது. சூடான காபி உதட்டைச் சுடுவது தெரியாது. கைமணிக்கட்டில் சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் குடிக்கவும், கண்ணாடி பார்த்துத் துடைக்கவும், ஷேவ் செய்யும்போது கவனமாகவும் இருக்கப் பழக வேண்டும். வாய்க்குள் இருக்கும் கால் தோல் ஊறி வெளுத்துத் தெரியும், ஆண்களுக்கு முடியும் முளைக்கும். இரண்டும் சாதாரணம்.

விழுங்கும் பயிற்சியைக் கெட்டித் தயிர், மசித்த இட்லி போன்ற கூழ்ப்பதத்தில் தொடங்குங்கள். தண்ணீர்தான் எளிது என்று நினைப்பார்கள், ஆனால் அது வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கும். முதல் ஆறு வாரம் மென்று தின்னும் எதுவும் வேண்டாம். ஸ்க்ரூ எலும்பில் ஆடத்தொடங்கினால் அதைச் சுற்றிச் சீழ் பிடிக்கும்.

புற்றுநோய்க்கு ரேடியேஷன் தேவை என்று வந்தால் (ஊரில் கரண்ட் வைப்பது என்பார்கள்) அது அறுவையிலிருந்து 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். வழக்கமான அளவு 60 கிரே (ரேடியேஷனை அளக்கும் அலகு), 30 தவணை, வாரம் ஐந்து நாள். புண் கொஞ்சம் ஆறட்டும் என்று ஊரில் இருந்துவிட்டு மூன்றாம் மாதம் வருபவர்களுக்கு, அத்தனை மணி நேர அறுவையின் பலனையே நோய் திரும்ப வந்து பறித்துவிடும். அறுவையில் எடுத்த பகுதியின் பயாப்ஸி முடிவு கைக்கு வந்த அன்றே ரேடியேஷன் டாக்டரிடம் தேதி வாங்குங்கள். பிளேட் இருப்பது ரேடியேஷனுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் தடையில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வாய் திறக்கும் பயிற்சி

மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வாய்ப்பூட்டு என்று பொருள். பாக்கினால் முன்பே வாய் இறுகியவர்களுக்கு ரேடியேஷன் அதை இன்னும் பூட்டும். வாய் திறக்காவிட்டால் பல் கட்ட முடியாது, நோய் திரும்பியதா என்று பார்க்கவும் முடியாது. தாடையை அசைக்கலாம் என்று அறுவை டாக்டர் சொன்ன நாளிலிருந்து, பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில், தொடங்க வேண்டும்.

சுத்தமான ஐஸ்கிரீம் குச்சிகள் போதும். எத்தனை குச்சி சிரமமில்லாமல் நுழைகிறதோ அத்தனையை நல்ல பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு இடையே வைத்து, நடுவில் இன்னொரு குச்சியைச் செருகுங்கள். 30 விநாடி பிடித்து எடுங்கள். ஒரு வேளைக்கு 5 முறை, நாளைக்கு 5 வேளை. இழுக்கும் உணர்வு வர வேண்டும், குத்தும் வலி வந்தால் ஒரு குச்சியைக் குறையுங்கள். ஆடும் முன்பல் மேலோ ஃப்ளாப் மேலோ வைக்காதீர்கள். குச்சி எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்துவாருங்கள். ரேடியேஷன் நடக்கும்போது வாய் புண்ணாகி எண்ணிக்கை இறங்கும், அப்போதும் நிறுத்தாதீர்கள். ரேடியேஷனின் இறுக்கம் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போவதால் குறைந்தது ஒரு வருடம் தொடர வேண்டும்.

பல்

ஃபிபுலாவின் உயரம் 13 முதல் 15 மில்லிமீட்டர். பல் உள்ள கீழ்த்தாடையின் உயரம் சுமார் 30. முக வடிவத்துக்காக எலும்பைக் கீழ்விளிம்பிலேயே வைத்தால் முகம் அழகாகத் தெரியும், ஆனால் பல் எட்டாத பள்ளத்தில் நிற்கும், நீண்ட பல்லின் நெம்புவிசையில் இம்பிளான்ட் தளரும். சுமார் 1 சென்டிமீட்டர் உயர்த்தி வைப்பது ஒரு தீர்வு. இரண்டு அடுக்காக மடித்து வைப்பது இன்னொன்று. அமெலோபிளாஸ்டோமா உள்ள இளைஞருக்கு இந்த இரட்டை அடுக்கையும், முடிந்தால் அதே அறுவையில் இம்பிளான்டையும் கேட்டுப் பாருங்கள். அவருக்கு ரேடியேஷன் இல்லை, முன்னால் நீண்ட வாழ்நாள் இருக்கிறது.

புற்றுநோயாளிக்குச் சில மையங்கள் முதல் அறுவையிலேயே இம்பிளான்டை வைக்கின்றன. மற்றவை ரேடியேஷன் முடிந்து 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை நோய் திரும்பாததைப் பார்த்தபின் வைக்கின்றன. இம்பிளான்ட் எலும்போடு ஒட்ட 3, 4 மாதம் ஆகும். அதன்மேல் உள்ள தடித்த கால் தோல் ஈறுபோல் இறுகிப் பிடிக்காது, அசைந்து அசைந்து புண்ணாகும். ஆகவே தோலை மெலிதாக்கவோ அண்ணத்துச் சதையை ஒட்டவோ ஒரு சிறிய அறுவை இடையில் தேவைப்படும். கழற்றி மாட்டும் சாதாரணப் பல்செட் இந்தத் தோலின் மேல் பெரும்பாலும் நிற்காது. இம்பிளான்ட் வசதி இல்லாதவருக்கு, எதிர்ப்பக்கப் பற்களால் மெல்லும்படி கடியைச் சீராக வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்த இலக்கு.

நாள்பட்டுக் கவனிக்க வேண்டியவை

3-ஆம் மாதமும் 6-ஆம் மாதமும் முழுத்தாடை எக்ஸ்-ரே அல்லது சி.டி. எடுத்து எலும்புத் துண்டுகள் ஒட்டினவா என்று பார்ப்பார்கள். கழுத்திலோ முகவாயிலோ சிறு துளை விழுந்து நீர் கசிவது, வாய்க்குள் உலோகம் மின்னுவது, கடி திடீரென்று மாறுவது, ஆறிய இடத்தில் புதுவலி இவற்றுக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். எலும்பு நன்றாக ஒட்டியபின் பிளேட் வெளியே தெரிந்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம், தாடைக்கு ஒன்றும் ஆகாது. ஒட்டும் முன் தெரிந்தால்தான் சிக்கல்.

ரேடியேஷன் வாங்கியவர் மிச்சமுள்ள பற்களுக்கு ஆயுள் முழுக்கத் தினமும் ஃப்ளூரைடு ஜெல் அல்லது பல் டாக்டர் எழுதித்தரும் அதிக ஃப்ளூரைடு பேஸ்ட் பயன்படுத்த வேண்டும். எச்சில் வற்றிய வாயில் பல் சில மாதங்களிலேயே சொத்தையாகும். பிறகு எந்தப் பல் டாக்டரிடம் போனாலும், பல்லைத் தொடுமுன் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ரேடியேஷன் அளவுச் சீட்டையும் காட்டுங்கள். ரேடியேஷன் பட்ட தாடையில் ஒரு பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பு அழுகத் தொடங்கலாம், அடுத்த பத்து வருடம் கழித்தும் அந்த ஆபத்து இருக்கும். வேர்ச்சிகிச்சையில் காப்பாற்ற முடிகிற பல்லைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கியே ஆக வேண்டுமென்றால் அறுவை செய்த குழுவிடம் கேட்ட பிறகே.